ஆர்வமா, அடிமையா? கணினி முன் அமரும் பிள்ளையைக் கணிப்பது எப்படி?

(நமது அறக்கட்டளை நடத்திய பெற்றோர் சந்திப்பில், வளரிளம் பருவத்தினருக்கான மனநல ஆலோசகர் ஒருவர் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர இயலாத குடும்பங்களுக்காக, பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் இங்கே தருகிறோம்.)



பெரியோர்களே, தாய்மார்களே, மாடியில் அமர்ந்திருக்கும் சகோதரிகளே! அஸர் தொழுதுவிட்டு நேராக வந்திருக்கிறீர்கள். மஃரிபுக்குள் முடித்துவிட வேண்டும் என்று நிர்வாகிகள் அன்போடு சொல்லியிருக்கிறார்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு வாரம் முன்பே வாசலில் பெட்டி வைத்து, கேள்விகளைச் சீட்டில் எழுதிப் போடச் சொல்லியிருந்தார்கள். நேற்று இரவு உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தேன். கையெழுத்துதான் வேறு வேறு. பாதிக்கு மேல் கேள்வி ஒன்றுதான்: "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் பார்த்தால் என் பிள்ளை கம்ப்யூட்டருக்கு அடிமை என்று அர்த்தம்?" சிலர் கணக்கையும் தாங்களே எழுதிவிட்டு, தீர்ப்பை மட்டும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். "நாலரை மணி நேரம். பயப்படணுமா?" என்று ஒரு சீட்டு.

அந்த உம்மா இங்கேதான் இருப்பார். நாலரை மணி நேரம் என்பதை மட்டும் வைத்து என்னால் எதுவும் சொல்ல முடியாது, தாயே. ஏன் முடியாது என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

இரண்டு பையன்களைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் சொல்கிறேன், யார் வீட்டுப் பிள்ளை என்று யோசிக்க வேண்டாம்.

முதல் பையன் பிளஸ் டூ. ஒரு நாளைக்கு ஆறு, ஏழு மணி நேரம் மடிக்கணினியில் இருக்கிறான். உம்மா அழுதுகொண்டே அழைத்து வந்தார். பேசிப் பார்த்தால், கல்யாண வீடியோக்களை எடிட் செய்து கொடுக்கிறான். அதில் கொஞ்சம் காசும் வருகிறது. பதினொன்றரைக்குப் படுத்துவிடுகிறான். மாலையில் கடற்கரையில் பந்து விளையாடுகிறான். "மூடி வை" என்றால் முணுமுணுப்பான், ஆனால் மூடி வைப்பான். அவனுக்கு முதுகு வலி இருந்தது. அதற்குத்தான் வைத்தியம் தேவைப்பட்டது.

இரண்டாவது பையன் ஒன்பதாம் வகுப்பு. இரண்டரை மணி நேரத்துக்கு மேல் அவன் கையில் எதுவும் இருக்காது. அதனால் அவனை அடிமை என்று யாரும் நினைக்கவில்லை. வீட்டுக் கணக்கில் பணம் குறைந்தபோதுதான் விசாரித்தார்கள். உம்மாவின் போனுக்கு வந்த ஓ.டி.பி.யைப் பார்த்து விளையாட்டுக்குள் பொருள் வாங்கியிருக்கிறான், பல தடவை. டியூஷன் என்று சொல்லிவிட்டு நண்பன் வீட்டு கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருக்கிறான். பந்து விளையாடும் ஷூ கட்டிலுக்கு அடியில் கிடந்து, இப்போது காலுக்குச் சிறிதாகிவிட்டது. அவனே மூன்று முறை அந்த விளையாட்டை அழித்திருக்கிறான். மூன்று முறையும் நடுராத்திரியில் எழுந்து மறுபடி ஏற்றியிருக்கிறான். "நிறுத்தணும்னுதான் இருக்கு. கை தானா போயிடுது" என்றான்.

மணிக்கணக்கைப் பார்த்தால் முதல் பையன்தான் நோயாளி. உண்மையில் உதவி தேவைப்பட்டது இரண்டாமவனுக்கு.

மணிக்கணக்கை வைத்து நாடுகளே முயன்று பார்த்திருக்கின்றன. தென் கொரியாவில் 2011-இல் ஒரு சட்டம் வந்தது. 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் நள்ளிரவு 12 மணி முதல் காலை 6 மணி வரை ஆன்லைன் விளையாட்டுகளில் நுழைய முடியாது. பிள்ளைகள் என்ன செய்தார்கள்? பெரியவர்களின் அடையாள எண்ணைப் போட்டு உள்ளே போனார்கள். பத்து வருடம் இருந்த சட்டத்தை 2022 பிறந்தபோது எடுத்துவிட்டார்கள். நம் பிள்ளைகளும் லேசுப்பட்டவர்கள் இல்லை. நன்னியின் பிறந்த தேதியைப் போட்டுக் கணக்குத் தொடங்கிய ஒரு பிள்ளையை எனக்குத் தெரியும்!

சரி, மணி நேரம் இல்லையென்றால் வேறு எதை வைத்துக் கணிப்பது? இதற்கு வினாப்பட்டியல்கள் இருக்கின்றன. உங்களில் சிலர் போனிலேயே அவற்றைத் தேடி, பிள்ளைக்குத் தெரியாமல் நீங்களே நிரப்பி, மதிப்பெண் போட்டுக்கொண்டு என்னிடம் வந்திருக்கிறீர்கள். அவை எங்கிருந்து வந்தன என்பது தெரிந்தால் அவற்றை எவ்வளவு நம்பலாம் என்பதும் தெரியும்.

1995-இல் நியூயார்க்கைச் சேர்ந்த இவான் கோல்ட்பெர்க் என்ற மனநல மருத்துவர், இணைய அடிமை நோய் என்று ஒன்று இருப்பதாக அறிகுறிகளோடு எழுதி வெளியிட்டார். அவர் எழுதியது கேலிக்காக. ஆனால் படித்தவர்கள், "எனக்கு இது இருக்கிறது, உதவுங்கள்" என்று அவருக்கே எழுதினார்கள். மறு வருடம் கிம்பர்லி யங் என்ற அமெரிக்க உளவியலாளர் இதைக் கேலியாக எடுத்துக்கொள்ளாமல் ஆராய்ந்து எழுதினார். சூதாட்ட நோயைக் கண்டறிய வைத்திருந்த அளவுகோலை எடுத்து, இணையத்துக்குப் பொருந்துமாறு மாற்றி 8 கேள்விகள் ஆக்கினார். ஐந்துக்கு "ஆம்" என்றால் கவனிக்க வேண்டியவர். பிறகு அதையே 20 கேள்விகளாக விரித்தார், மொத்தம் 100 மதிப்பெண். இன்று உலகமெங்கும் அதிகம் புழங்குவது இந்த 20 கேள்விப் பட்டியல்தான்.

அந்த 20 கேள்விகளைப் படித்துப் பாருங்கள். மற்ற வேலைக்கு முன் மின்னஞ்சலைப் பார்க்கிறீர்களா என்று ஒன்று. அலுவலக வேலை பாதிக்கிறதா என்று ஒன்று. வாழ்க்கைத் துணையோடு இருப்பதைவிட இணையம் பிடிக்கிறதா என்றுகூட ஒன்று இருக்கிறது. எட்டாம் வகுப்புப் பையனிடம் இதைக் கேட்டு என்ன செய்வது? 1990-களின் அமெரிக்கப் பெரியவர்களை மனத்தில் வைத்து எழுதியது அது. பட்டியல் தவறு என்று சொல்லவில்லை. அது ஒரு சல்லடை. எதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று ஒதுக்கிக் கொடுக்கும், அவ்வளவுதான்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு பிள்ளையின் செலவில் தெரிந்துகொண்டேன். அதைச் சொல்லாமல் இந்தப் பேச்சைக் கடந்து போகக் கூடாது.

நான் இந்த வேலைக்கு வந்த புதிது. இந்த ஊர் இல்லை. பத்தாம் வகுப்புப் பையனை அழைத்து வந்தார்கள். வாப்பா சபுரில் இருந்தார். உம்மா பக்கத்து நாற்காலியில், மாமா கதவருகில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் அந்த 20 கேள்விகளைப் படிக்கப் படிக்க, பையன் தலையைக் குனிந்தபடி எண் சொன்னான். இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது. 82 வந்தது. 80-க்கு மேல் என்றால் கடுமை. அன்று மாலை துபாயிலிருந்து வாப்பா போனில் கேட்டபோது "கடுமையான அடிமைத்தனம்" என்று சொன்னேன். ஏதோ ரத்தப் பரிசோதனை முடிவைச் சொல்வது மாதிரி சொன்னேன்.

அன்று இரவே மாமா கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போய் விற்றுவிட்டார். காலையில் பையனைக் காணோம். இரண்டு நாள் தேடி, மதுரை மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தில் கிடைத்தான். அல்ஹம்துலில்லாஹ், கிடைத்தான்.

அதன் பிறகு அவன் என்னோடு பேசவே மூன்று மாதம் ஆயிற்று. பேசிய பிறகுதான் தெரிந்தது. எட்டு வரை தமிழ் வழியில் படித்தவனை ஒன்பதாம் வகுப்பில் ஆங்கில வழிப் பள்ளிக்கு மாற்றியிருக்கிறார்கள். வகுப்பில் என்ன நடக்கிறது என்றே அவனுக்குப் புரியவில்லை. தினமும் எழுந்து நிற்க வைத்திருக்கிறார்கள். ஒன்பதாம் வகுப்புக் காலாண்டுத் தேர்விலேயே மதிப்பெண் சரிந்துவிட்டது. வீட்டுக்கு கம்ப்யூட்டர் வந்தது அரையாண்டு விடுமுறையில். அதாவது படிப்பு கெட்ட பிறகுதான் கம்ப்யூட்டர் வந்தது. "கம்ப்யூட்டரால் படிப்பு கெட்டது" என்று எல்லோரும் சொன்னோம், நானும் சொன்னேன். யாரும் தேதியைக் கேட்கவில்லை. பகல் முழுக்க ஒன்றுக்கும் ஆகாதவன் என்று நின்றவனை, இரவு விளையாட்டில் சேர்ந்திருந்த பையன்கள் "கேப்டன்" என்று கூப்பிட்டார்கள். அதைத்தான் மாமா விற்றுவிட்டார்.

82 என்பது பொய்யில்லை. அவன் உண்மையிலேயே அதில் சிக்கித்தான் இருந்தான். ஆனால் 82 என்பதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நான் பார்க்கவில்லை.

இப்போது உலக அளவில் இதை எப்படிப் பார்க்கிறார்கள் என்று சொல்கிறேன். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட கையேட்டில், இணைய விளையாட்டுக் கோளாறு என்பதை இன்னும் ஆராய வேண்டியவை என்ற பகுதியில்தான் சேர்த்தது. 9 அறிகுறிகள் கொடுத்து, ஒரு வருடத்துக்குள் ஐந்தாவது இருக்க வேண்டும் என்றது. உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலின் 11-ஆம் பதிப்பில் விளையாட்டுக் கோளாறை நோயாகவே சேர்த்தது. 2022 ஜனவரி 1 முதல் அது நடப்பில் இருக்கிறது. அவர்கள் கேட்பது மூன்றுதான். ஆட்டத்தைத் தொடங்குவதும் நிறுத்துவதும் பிள்ளையின் கையில் இல்லாமல் போயிருக்கிறதா? சாப்பாடு, தூக்கம், படிப்பு, நட்பு எல்லாவற்றையும் தள்ளிவிட்டு அது முன்னால் வந்திருக்கிறதா? கெடுதல் கண்ணெதிரே தெரிந்தும் தொடர்கிறதா? இவற்றால் பிள்ளையின் வாழ்க்கை கணிசமாகப் பாதிக்கப்பட்டு, பொதுவாக 12 மாதமாவது நீடித்திருக்க வேண்டும். மிகக் கடுமையாக இருந்தால் அதற்கு முன்பே சொல்லலாம். மூன்றிலும் மணிக்கணக்கு வரவில்லை, கவனித்தீர்களா? பரீட்சை முடிந்த மே மாதத்தில் ஒரு பையன் நாள் முழுக்க விளையாடினால் அது இந்தக் கணக்கில் வராது.

ரமலானையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். தராவீஹ் முடிந்து ஸஹர் வரை ஊரே விழித்திருக்கிறது, பையனும் விழித்திருந்து விளையாடுகிறான். அந்த ஒரு மாதக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பெருநாள் முடிந்த வாரமே என்னிடம் வருபவர்கள் உண்டு. ஷவ்வால் கழியட்டும். தூக்கம் பழையபடி திரும்புகிறதா என்று பாருங்கள். திரும்பாவிட்டால் வாருங்கள்.

அந்த 9 அறிகுறிகளும் ஒரே எடை உள்ளவை இல்லை என்பது என் அனுபவம். ஆராய்ச்சியும் அப்படித்தான் சொல்கிறது. இங்கிலாந்தில் ஜான் சார்ல்டன் என்ற உளவியலாளர் இன்னொருவரோடு சேர்ந்து, ஆன்லைன் விளையாட்டு ஆடுபவர்களை ஆராய்ந்து 2007-இல் எழுதினார். எப்போதும் அதையே நினைப்பது, நேரம் கூடிக்கொண்டே போவது, ஆடும்போது பெருமகிழ்ச்சி அடைவது, இவை வெறும் ஆர்வம் மிகுந்தவர்களிடமும் இருக்கும் என்றார். வாழ்க்கையோடு மோதல், நிறுத்தினால் தவிப்பு, விட்டதை மறுபடி பிடித்துக்கொள்வது, மற்றவற்றை எல்லாம் அது விழுங்கிவிடுவது, இவைதான் அடிமைத்தனத்தின் அடையாளம் என்றார். கிரிக்கெட் பைத்தியம் பிடித்த பிள்ளை தூக்கத்திலும் அதையே பேசுவான். அவனை நாம் ஆலோசகரிடம் கூட்டிப் போவதில்லையே!

ஆகவே உங்கள் பிள்ளை நாள் முழுக்க விளையாட்டையே பேசுகிறான் என்பதற்காகப் பயப்படாதீர்கள். பேசுவதை நிறுத்திவிட்டு, என்ன விளையாடுகிறான் என்பதையே மறைக்க ஆரம்பித்தால் கவனியுங்கள். பிடுங்கினால் கோபப்படுகிறான் என்பதும் பெரிய சாட்சி இல்லை. ஆட்டத்தின் நடுவில் பிடுங்கினால் யாருக்கும் கோபம் வரும், நண்பர்கள் நான்கு பேர் அவனை நம்பி மறுமுனையில் நிற்கிறார்கள். மறுநாள் எப்படி இருக்கிறான், மூன்றாம் நாள் எப்படி இருக்கிறான்? வேறு எதிலாவது மனம் போகிறதா? நான் அதைத்தான் கேட்பேன். முன்பு பிடித்தது எது, இப்போது அது எங்கே என்றும் கேட்பேன். அந்தக் கட்டிலுக்கு அடியில் கிடந்த ஷூ எனக்கு எந்த மதிப்பெண்ணைவிடவும் அதிகம் சொல்லியது.

பணம் விஷயத்தில் மட்டும் நான் பொறுமையாகச் சொல்ல மாட்டேன். விளையாட்டுக்குள் சட்டை, துப்பாக்கி, வைரம் என்று வாங்குவது ஒன்று, பணம் வைத்து ஆடுவது வேறொன்று. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியிருக்கிறது. ஆனாலும் திருட்டு வழிகள் உண்டு. வீட்டுக்குத் தெரியாமல் பணம் போகிறது என்றால் 12 மாதம் காத்திருக்க வேண்டாம், அந்த வாரமே வாருங்கள். அடிக்காமல் அழைத்து வாருங்கள். அடி வாங்கிய பிள்ளையிடம் எந்தக் கேள்வித்தாளை நீட்டினாலும், அடி விழாத பதிலைத்தான் தேடி எழுதுவான்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடிய கணிப்பு ஒன்று இருக்கிறது. ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். இரண்டு வாரம், தினமும் ஐந்தாறு வரி. எத்தனை மணிக்குத் தூங்கினான், எத்தனை மணிக்கு எழுந்தான், எதைச் சாப்பிட்டான், வெளியே போனானா, யாரோடு பேசினான், கணினியிலும் போனிலும் என்ன செய்தான், எவ்வளவு நேரம். முடிந்தால் பிள்ளையே எழுதட்டும். நேரத்தை மட்டும் மனக்கணக்கில் எழுத வேண்டாம், பிள்ளையும் குறைத்துச் சொல்வான், உம்மாவும் கூட்டிச் சொல்வார். போனின் அமைப்புகளுக்குள் போனால் எந்தச் செயலியில் எவ்வளவு நேரம் என்று அதுவே காட்டும். அதைப் பார்த்து எழுதுங்கள்.

இரண்டு வாரம் கழித்துத் தூக்கத்தை முதலில் பாருங்கள். 13 முதல் 18 வயது வரை உள்ள பிள்ளைக்கு ஒரு இரவில் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். பிள்ளை எரிந்து விழுவதற்கும், பாடம் மண்டையில் ஏறாததற்கும், ஃபஜ்ருக்கு எத்தனை தடவை எழுப்பினாலும் எழாததற்கும் ஐந்து மணி நேரத் தூக்கமே காரணமாக இருக்கலாம். அடிமைத்தனம் என்று வருகிற பல வழக்குகளில், இரவு கணினியைப் படுக்கை அறையிலிருந்து கூடத்துக்கு மாற்றி, தூக்கத்தைச் சரி செய்ததும் பாதிப் பிரச்சினை கரைந்துவிடுகிறது. மிச்சம் என்ன நிற்கிறதோ, அதுதான் நான் பார்க்க வேண்டியது.

அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு கோடு போடுங்கள். இரண்டு வருடக் கோடு. கம்ப்யூட்டர் அல்லது போன் வந்தது எப்போது, மதிப்பெண் குறைந்தது எப்போது, பள்ளி மாறியது எப்போது, வாப்பா லீவு முடிந்து திரும்பிப் போனது எப்போது, வீட்டில் மவுத்து நடந்தது, காக்காவுக்குக் கல்யாணம் ஆகித் தனியே போனது, வீடு மாறியது என எல்லாவற்றையும் குறியுங்கள். பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். எது முதலில் வந்தது என்று பார்க்கும்போது பல குடும்பங்கள் அப்படியே மௌனமாகி விடுவதை நான் பார்த்திருக்கிறேன். சில சமயம் கணினிதான் முதலில் வந்திருக்கும். அதுவும் உண்மைதான். ஆனால் மனச்சோர்வு, பரீட்சை பயம், நாலு பேர் முன்னால் பேசக் கூச்சம், கவனக்குறைவுக் கோளாறு, எழுத்துக் கூட்டிப் படிப்பதிலேயே சிரமம், பள்ளியில் யாரோ செய்யும் தொல்லை என்று ஏதோ ஒன்று அதற்கும் முன்னால் நிற்பதுதான் என் அறையில் அதிகம். அதைக் கண்டுபிடிக்காமல் கணினியை மட்டும் எடுத்துவிட்டால், பிள்ளை ஒளிந்துகொள்ள வேறு இடம் தேடும்.

மாடியில் இருக்கும் சகோதரிகளுக்கு ஒன்று. சீட்டுகளில் பெண் பிள்ளைகளைப் பற்றி வந்தவை நாலே நாலு. பெண் பிள்ளைகள் சிக்குவதே இல்லை என்பதாலா? இல்லை. அறைக்குள் சத்தமில்லாமல் இருக்கிறாள், யாருக்கும் தொந்தரவு இல்லை. அதோடு, விளையாட்டுக்கென்று செய்த வினாப்பட்டியலில் அவள் மாட்ட மாட்டாள். அவள் பார்ப்பது ரீல்ஸ், போட்டது எத்தனை பேருக்குப் பிடித்தது, யார் என்ன சொன்னார்கள் என்பது. அவளிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: பார்த்து முடித்த பிறகு மனம் லேசாகிறதா, கனக்கிறதா? சாப்பாட்டைக் குறைக்கிறாளா? யாராவது மிரட்டுகிறார்களா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால் அது அவளுடைய குற்றமில்லை, 1098-க்குப் போன் செய்ய வேண்டிய விஷயம்.

ஆனால் நம்மில் சிலர் என்ன செய்கிறோம்? பெண் பிள்ளையின் கையில் போன் பிடிபட்டதும் கணிப்பு எதுவும் கிடையாது. படிப்பு நிற்கிறது. அடுத்த மாதம் மாப்பிள்ளை பார்க்கிறார்கள். பையனுக்கு ஆலோசகர், பெண்ணுக்குக் கல்யாணம்! பதினோராம் வகுப்பில் முதல் மதிப்பெண் எடுத்துக்கொண்டிருந்த ஒரு பிள்ளை அப்படி நின்றுபோனதை நான் அறிவேன். அவள் கையில் இருந்த போனில் என்ன இருந்தது என்று யாரும் உட்கார்ந்து பார்க்கக்கூட இல்லை. இதைக் கேட்டுச் சிலருக்கு என் மேல் வருத்தம் வரலாம், வரட்டும்.

"ஏதாவது முகாம் இருந்தால் சேர்த்துவிடலாமா?" என்று மூன்று சீட்டுகள். வேண்டாம் என்பதுதான் என் பதில். சீனாவில் இப்படி முகாம்கள் பெருகின. ராணுவப் பயிற்சி, அடி, சில இடங்களில் மின்அதிர்ச்சிகூடக் கொடுத்தார்கள். 2009-இல் அந்த நாட்டு சுகாதார அமைச்சகமே இணைய அடிமைத்தனத்துக்கு மின்அதிர்ச்சி கூடாது என்று நிறுத்தியது. அதே வருடம் குவாங்சி பகுதியில் ஒரு முகாமில் சேர்க்கப்பட்ட சிறுவன் ஒரு நாளுக்குள் அடித்துக் கொல்லப்பட்டான். அவனைக் கொண்டுபோய் விட்டவர்கள் அவனுடைய பெற்றோர். நல்லது நடக்கும் என்று நம்பித்தான் விட்டார்கள்.

போக வேண்டிய இடம் அருகிலேயே இருக்கிறது. மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு, சீட்டுக்குக் காசு இல்லை. 14416 என்ற டெலி மனஸ் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், அதற்கும் கட்டணம் இல்லை. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் இதற்கென்றே 2014 முதல் ஒரு தனிச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. எடுத்தவுடன் அங்கே ஓட வேண்டியதில்லை, இங்கே பார்த்துவிட்டுத் தேவைப்பட்டால் போகலாம். ஒன்றை மட்டும் ஒத்திப்போடாதீர்கள்: "செத்துப் போயிடுவேன்" என்று பிள்ளை சொன்னால், போனைப் பிடுங்கிய கோபத்தில் சொன்னதாகவே இருந்தாலும், அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். சும்மா மிரட்டுகிறான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சபுரில் இருக்கும் வாப்பாமார்கள் இந்தப் பேச்சை வாட்ஸ்அப்பில் கேட்பார்கள் என்று சொன்னார்கள். உங்களுக்கு ஒரு வேண்டுகோள். வீடியோ காலில் "படிச்சியா? கேம் ஆடினியா?" என்ற இரண்டு கேள்வியோடு முடித்துவிடாதீர்கள். அந்த விளையாட்டு என்ன, அதில் நீ யார், உன்னோடு ஆடுகிறவர்கள் யார் என்று ஒரு நாள் கேளுங்கள். வேவு பார்ப்பதற்காக இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்வதற்காக. அந்தப் பத்தாம் வகுப்புப் பையனின் வாப்பாவிடம் இதை முதல் நாளே நான் சொல்லியிருந்தால், "கேப்டன்" என்ற சொல் எங்களுக்கு மூன்று மாதம் முன்னாலேயே கிடைத்திருக்கும். அந்தப் பையன் பிறகு தமிழ் வழிக்கே திரும்பிப் படித்தான். இப்போது கப்பல் துறையில் வேலை செய்கிறான். இன்னமும் விளையாடுகிறான்.

இன்னும் இரண்டு சீட்டுகள். "பையனைக் கூட்டி வராமல் நாங்கள் மட்டும் முதலில் வரலாமா?" வரலாம். அப்படி வருவதே நல்லது. நோட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள். பிறகு அவன் வரும்போது நான் அவனோடு தனியாகத்தான் பேசுவேன். அவன் சொன்னதில் உயிருக்கு ஆபத்தான விஷயம் எதுவும் இல்லையென்றால், அவன் சம்மதம் இல்லாமல் உங்களிடம் சொல்ல மாட்டேன். அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், பிறகு கோபிக்கக் கூடாது.

கடைசிச் சீட்டு பென்சிலில் எழுதியிருக்கிறது, சின்னக் கையெழுத்து. "எங்க உம்மா நைட்டு ஒரு மணி வரைக்கும் போன் பார்க்கிறாங்க. அவங்களுக்கும் நோட்டு உண்டா?"

உண்டு. நோட்டுகளை அறக்கட்டளை சார்பில் வாசல் மேசையில் அடுக்கி வைத்திருக்கிறார்கள், ஒரு வீட்டுக்கு இரண்டாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணி முதல் 1 மணி வரை அலுவலகத்தின் மாடி அறையில் இருப்பேன். முதல் இரண்டு வாரம் யாரும் வர வேண்டாம், எழுதிக்கொண்டிருங்கள். மூன்றாவது ஞாயிறு இன்ஷா அல்லாஹ் சந்திப்போம்.

வஸ்ஸலாமு அலைக்கும்.